வகுப்பில் ஓட்டிசம் உள்ள பிள்ளை: எங்கிருந்து தொடங்குவது?

"வகுப்பில முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதுக்குள்ள இந்த ஒரு பிள்ளையை நான் எப்படித் தனியாப் பார்க்கிறது?"

மட்டக்களப்பு நகரத்திலும் சரி, பட்டிருப்பு வலயத்திலும் சரி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் போனாலும் சரி, உட்படுத்தற் கல்வி, அதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிப்பது, என்று பேச்செடுத்தால் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. நாள் முழுக்க ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பதுதான் உதவி என்று நினைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டியதில் பெரும்பகுதியை, அந்தப் பிள்ளை காலையில் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே செய்து வைத்துவிடலாம். எங்கே உட்காருவது, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியவரும், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான். பிள்ளையைத் திருத்துவதற்கு முன் வகுப்பறையைத் திருத்த வேண்டும் என்பது என் கட்சி.

ஓட்டிசம் என்பது என்ன?

மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. பிறப்பிலிருந்து இருப்பது, வாழ்நாள் முழுக்கத் தொடர்வது. 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் இதே போன்ற பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நெடுங்காலம் வேறு வேறு பெயர்களில் பிரித்து வைத்திருந்ததை 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அதனால்தான் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைக்கும், ரயில் நேர அட்டவணையை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்கும் இன்று ஒரே பெயர்.

இரண்டு விஷயங்கள் பொதுவாக இருக்கும். ஒன்று, மற்றவர்களோடு பழகுவதிலும் கதைப்பதிலும் உள்ள வித்தியாசம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண்ணைப் பார்க்காதது, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வது, கதையில் மாறி மாறிப் பேசும் ஒழுங்கு பிடிபடாதது எல்லாம் இதில் வரும். மற்றது, ஒரே மாதிரியானவற்றில் உள்ள பிடிப்பு. அதே பாதை, அதே தட்டு, அதே கதிரை, கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது. ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மற்றவர்களைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வதும் இதோடு சேர்ந்தது.

உலக அளவில் ஏறத்தாழ 100 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. அந்தக் கணக்கில் 800 பேர் படிக்கும் பாடசாலையில் ஏறத்தாழ எட்டுப் பேர் இருக்க வேண்டும். "எங்கட பாடசாலையில அப்படி ஒருத்தரும் இல்ல" என்று ஓர் அதிபர் சொன்னால், அந்த எட்டுப் பேரும் 'குழப்படிக்காரன்', 'வாய்ப்பேச்சில்லாதவள்', 'மக்கு' என்ற வேறு பெயர்களில் உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பெண் பிள்ளைகள் இன்னும் எளிதாகத் தப்பிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து அப்படியே செய்து, நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வெடித்து அழுவார்கள். "வகுப்பில தங்கமான பிள்ளை" என்று நாம் ரிப்போர்ட்டில் எழுதியிருப்போம்.

காரணம் பற்றி ஊரில் உலவும் கதைகள் நிறைய. தாய் சரியாகக் கவனிக்கவில்லை என்பார்கள், போனைக் கொடுத்துப் பழக்கியதால் வந்தது என்பார்கள், தடுப்பூசியில் வந்தது என்பார்கள். தாயைக் குற்றம் சொல்லும் கருத்தை ஆய்வாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். மரபணுக்களுக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்த விஷயம். தடுப்பூசிக் கதைக்கு விதை போட்ட 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010 இல் திரும்பப் பெற்றது, எழுதியவர் வைத்தியராகப் பணியாற்றும் பதிவையும் இழந்தார். கோயிலில் நூல் கட்டுவதோ, ஓதிப் பார்ப்பதோ குடும்பத்துக்கு மனத்தெம்பு தருமானால் அதில் தலையிட நான் யார்? கிளினிக்கைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

இதே வரிசையில் வைத்துப் பேச வேண்டிய இன்னும் இரண்டு உண்டு. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமல், இருந்த இடத்தில் இருக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகள் ஒரு சாரார். அடுத்தது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்பாடு. தமிழில் 'கொ' என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது, ஒலியோ 'க்'கு அப்புறம்தான் வருகிறது. கண் பார்க்கும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் இப்படிப் பிசகுமிடத்தில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே பிள்ளைக்கு இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பதும் சாதாரணம். கீழே சொல்பவற்றில் பல இவர்களுக்கும் உதவும். ஓட்டிசத்தை மையமாக வைத்துச் சொல்கிறேன்.

அடுத்து என்ன நடக்கும்?

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பாடசாலையில் மிகப் பெரிய கஷ்டம் பாடமாக இருக்காது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடைவெளிதான். கணிதக் கொப்பியை மூடு, சுற்றாடல் கொப்பியை எடு, வரிசையில் நில், வெளியே வா. மற்றப் பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தையும் பக்கத்துப் பிள்ளையின் கையையும் பார்த்து அடுத்தது என்ன என்று ஊகித்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்த ஊகம் வராது. ஒவ்வொரு மாற்றமும் தலையில் வந்து விழும்.

இதற்கு உலகம் முழுக்கச் செய்யும் வைத்தியம் படக் கால அட்டவணை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1970களில் வளர்ந்த ஒரு கற்பித்தல் முறையிலிருந்து பரவியது. பேர்தான் பெரிது, செய்வது சின்ன வேலை. பிரிஸ்டல் போர்ட் இல்லாவிட்டால் பிஸ்கட் பெட்டி மட்டை போதும். மேசையின் ஓரத்தில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு நீளத் துண்டு வெட்டுங்கள். அதில் மேலிருந்து கீழாக அன்றைய நாளின் படங்கள்: காலைக் கூட்டம், தமிழ், கணிதம், சாப்பாடு, சித்திரம், வீடு. கையால் கீறிய படம் போதும், அழகாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு அட்டையாகச் செய்து, முடிந்ததை எடுத்துக் கீழே உள்ள உறைக்குள் பிள்ளையே போடும்படி வையுங்கள். அந்தப் போடுகிற செயல் முக்கியம். 'முடிந்தது' என்பதைக் கை உணர்கிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படம் வேண்டாம், சொல் போதும். உயர்தர வகுப்பு மாணவருக்கு வாங்கிலில் எழுதி வைத்த ஐந்து வரி போதும்.

'மாற்றம்' என்று ஓர் அட்டையையும் செய்து வையுங்கள். சித்திர ஆசிரியர் லீவு என்றால் சித்திர அட்டையின் மேல் அதை வைத்து, "இண்டைக்குச் சித்திரம் இல்ல, கதை வாசிக்கிறம்" என்று காலையிலேயே சொல்லிவிடலாம். கடைசி நிமிடத்தில் தெரியவந்தால் அழுகை, காலையில் தெரியவந்தால் முணுமுணுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

நம் மாவட்டங்களில் இதற்குத் தனி முக்கியம் இருக்கிறது. மாரியில் வெள்ளம் வந்தால் பாடசாலை மூடப்படும், சில பாடசாலைகள் இடம்பெயர்ந்தோர் தங்கும் முகாமாகும். தண்ணீர் வடிந்து திரும்பி வரும்போது மேசை இடம் மாறியிருக்கும், சுவரில் ஒட்டியது எதுவும் இருக்காது. முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறை ஒரு மாதம் போகும். முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் மூன்று, நான்கு வாரத்துக்கு நேரசூசி என்ற ஒன்றே கிடையாது. மற்றவர்களுக்கு அது கொண்டாட்டம். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த நாட்கள் முழுக்கத் தரை ஆடிக்கொண்டே இருக்கும். விடுமுறை முடிவதற்கு முதல் நாள் தாயோடு வெறும் வகுப்பறைக்கு வந்து, தன் கதிரையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அதிபர் சம்மதித்தால் போதும், ஒரு சதம் செலவில்லை.

சத்தமும் சப்பாத்தும்

கவின் என்று ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். தரம் 2. அநேகமான நாட்களில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறான், இழுத்தால் கடிக்கிறான். ஆசிரியர் ஒரு கொப்பியில் ஒவ்வொரு தடவையும் மூன்றே விஷயங்களை எழுதத் தொடங்குகிறார்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன் பின் என்ன நடந்தது. ஒரு வாரத்தில் கொப்பி பேசத் தொடங்கிவிடும். திங்கள் 10.25, செவ்வாய் 10.20, வியாழன் 10.25. எல்லாம் இடைவேளைக்குச் சற்று முன். அவனது மேசைக்கு நேரே வெளியே தொங்குகிறது பாடசாலை மணி, ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அதை அடிக்கும் சத்தம் நமக்கே காதைக் குடையும். எப்போது அடிபடும் என்ற பயத்திலேயே அவன் பத்தே காலிலிருந்து வேலை செய்யவில்லை. புதன்கிழமை மணி அடிப்பவர் லீவு, கையால் தட்டிக் கூப்பிட்டார்கள். புதன் அன்று கொப்பியில் ஒன்றும் இல்லை.

அவனை மறுபக்கச் சுவரோரம் மாற்றி, மணிக்கு ஒரு நிமிடம் முன்பு தோளுக்கு எதிரே ஓர் அட்டையைக் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். அவனுக்குக் 'கட்டுப்பாடு' பழக்குவதாக நினைத்து இடைவேளையைப் பறித்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இடைவேளையைத் தண்டனையாகப் பறிப்பது இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியங்களில் ஒன்று. ஓடி ஆடி உடம்பைச் சமநிலைக்குக் கொண்டுவரும் ஒரே நேரத்தை எடுத்துவிட்டு, அடுத்த பாடத்தில் அமைதியாக இரு என்றால் எப்படி?

நமது பழைய மண்டப வகுப்புகளில் ஒரு பலகைத் தட்டி மட்டுமே நடுவில் நிற்கும். இந்தப் பக்கம் கதை, அந்தப் பக்கம் வாய்ப்பாடு. தகரக் கூரையில் மழை கொட்டினால் ஆசிரியருக்கே தன் குரல் கேட்காது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு நேர்கீழே நின்று கொண்டு கணக்குச் செய்யச் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும். தட்டியிலிருந்து தள்ளிய மூலையில் இடம் கொடுக்கலாம். காதை மூடும் கருவி கிடைத்தால் அணிய விடலாம். விளையாட்டுப் போட்டிக்கு பேண்ட் பழகும் நேரத்தில் நூலகத்தில் இருக்க விடலாம்.

சத்தம் மட்டுமல்ல. சப்பாத்துக்குள் மேஸின் தையல் விரலில் உரசுவது, கழுத்துப்பட்டி இறுக்குவது, பக்கத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் கருவாட்டு மணம். "சப்பாத்தைக் கழற்றிவிட்டான்" என்று ஒழுக்காற்றுப் பிரச்சினையாக்குவதற்கு முன் மேஸை உட்புறமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை உதறுவதையும் ஆடுவதையும் நிறுத்தச் சொல்லிக் கையைப் பிடித்து வைக்காதீர்கள். யாருக்கும் அடிபடாத வரை அது பிள்ளை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் வழி.

சொல்கிற விதம்

"எல்லாரும் கொப்பியை எடுத்து, திகதி போட்டு, நேற்றுச் செய்த கணக்குக்குக் கீழ கோடு கீறி, பக்கம் 42 ஐப் பாருங்க." ஒரே மூச்சில் நான்கு வேலை. அதிலும் 'எல்லாரும்' என்பதில் தானும் அடக்கம் என்று இந்தப் பிள்ளைக்குத் தோன்றாமலே போகலாம். பெயரை முதலில் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். "கவின், கொப்பியை எடுங்க." பிறகு பத்து வரை மனத்துக்குள் எண்ணுங்கள். இந்தப் பத்துத்தான் ஆசிரியர்களுக்குக் கஷ்டம். மூன்றாவது நொடியில் வேறு சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுவோம். பிள்ளை முதல் வாக்கியத்தை உள்ளே எடுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வந்து மோதும், இரண்டும் போய்விடும்.

சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்களில் அதிகம். "காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்க" என்றால் குழம்புவார்கள். "இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன ஆசிரியருக்காக வாசலில் காத்து நிற்பார்கள். "ஓடாதே" என்பதைவிட "நடந்து வாங்க" என்பது நல்லது. என்ன செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

"என்னைப் பார்த்துக் கதை" என்று தாடையைப் பிடித்துத் திருப்பும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கண்ணைப் பார்ப்பது இவர்களில் பலருக்குப் பெரும் சிரமம். பார்க்கவைத்தால் பார்ப்பார்கள், ஆனால் கேட்க மாட்டார்கள். யன்னலைப் பார்த்துக்கொண்டே சரியான பதில் சொல்லும் பிள்ளைக்கு நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது, அது போதாதா?

பேசாத பிள்ளைக்குப் பட அட்டை கொடுத்தால் பிறகு பேசவே மாட்டான் என்று பயப்படும் பெற்றோர் உண்டு. ஆய்வுகள் காட்டுவது வேறு. அட்டையோ டெப்லெட்டோ பேச்சைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குப் பேச்சு வரவும் அது துணையாகிறது. முதல் இரண்டு அட்டை 'தண்ணீர்', 'சாப்பாடு' என்று வைப்பதே வழக்கம். நானாக இருந்தால் மூன்றாவதாக 'போதும்' என்பதை வைப்பேன். போதும் என்று சொல்ல வழி இருக்கும் பிள்ளை கடிக்க வேண்டிய தேவை குறைகிறது.

வெடித்துவிட்டால்

என்னதான் செய்தாலும் சில நாள் வெடிக்கும். இது அடம் பிடிப்பது அல்ல. அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும், கேட்டது கிடைத்தவுடன் நிறுத்தும். இந்த வெடிப்பில் கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் பிள்ளை எதையும் கேட்கவில்லை. தாங்க முடியாத அளவு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். ஓராள் மட்டும் பக்கத்தில் நிற்கட்டும், பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி. முடிந்தால் மற்றப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள். வெடித்த பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதைவிட இது எளிது. ஃபேனையும் லைற்றையும் அணைக்கலாம். அப்புறம் தண்ணீர், பிறகு ஓய்வு. அன்றே விசாரணை வைக்க வேண்டாம். உடனே தாய்க்கு போன் எடுத்து "வந்து கூட்டிக்கொண்டு போங்க" என்று சொல்வதைத் தவிர்க்கப் பாருங்கள். அப்படி வாரத்தில் மூன்று நாள் கூப்பிடப்பட்ட தாய் நான்காவது நாள் பிள்ளையை அனுப்ப மாட்டார். பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும்.

மற்றப் பிள்ளைகள்

ஓட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்கள் மனம் புரியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். 2012 இல் டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், தானும் ஓட்டிசம் உள்ளவர், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். பின்னர் 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் காதில் கதை சொல்லிக் கடத்தும் விளையாட்டைப் போல ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் நின்ற வரிசையில் போலவே நன்றாகக் கடந்தது. இரு சாராரும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் தொலைந்தது.

ஆகவே பழக்க வேண்டியது மற்றப் பிள்ளைகளையும்தான். ஓட்டிசம் என்ற பெயரைச் சொல்லி வகுப்புக்கு விளக்கம் கொடுக்கத் தேவையில்லை, பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சொல்லவும் கூடாது. "ஸஹ்ராவுக்குச் சத்தம் நம்மளவிடக் கூடக் கேக்கும். மெதுவாக் கூப்பிடுங்க" என்றால் தரம் 1 பிள்ளைக்கும் விளங்கும். குழு வேலையில் அவளுக்கு நிச்சயமான ஒரு பங்கைக் கொடுங்கள். மீன் இனங்களின் பெயரெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளையிடம் வாவி பற்றிய பாடத்தில் படங்களுக்குப் பெயர் எழுதும் வேலையைக் கொடுத்தால் மற்றவர்கள் தாமாகவே அவளிடம் வருவார்கள். அதற்காக எல்லோரிடமும் ஏதோ அபூர்வத் திறமை ஒளிந்திருக்கிறது என்று தேடவும் வேண்டாம். சாதாரணமாகப் படிக்கும் சாதாரணப் பிள்ளையாக இருக்கும் உரிமை இவர்களுக்கும் உண்டு.

வீடு, கிளினிக், வலயம்

பெற்றோரிடம் சந்தேகத்தைச் சொல்லும்போது ஆசிரியர் பெயர் வைக்கக் கூடாது. "உங்கட பிள்ளைக்கு ஓட்டிசம்" என்பது வைத்தியர் சொல்ல வேண்டிய வார்த்தை. "மணிச் சத்தத்துக்குப் பயப்படுறார், பெயர் சொன்னாத் திரும்புறது குறைவு, நாங்க இப்படிக் கவனிச்சம், ஒருக்காக் காட்டிப் பார்ப்பமா?" என்று கொப்பியைத் திறந்து காட்டலாம். பகுதியின் குடும்பநல மாதுவோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோ முதல் படி. அங்கிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்புவார்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளரைக் காண நாள் எடுக்கலாம். அந்த நாள் வரும் வரை வகுப்பில் எதையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. மேலே சொன்ன எதற்கும் வைத்தியத் துண்டு வேண்டாம்.

பாடசாலையில் விசேட கல்வி அலகு இருந்தால் அந்த ஆசிரியரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளையை நாள் முழுக்க அங்கே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வகுப்பு இடாப்பில் வைத்திருப்பது உட்படுத்தல் ஆகாது. இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 24 ஆம் உறுப்புரை, பொதுக் கல்வி முறைக்குள்ளேயே பிள்ளைக்கு வேண்டிய வசதியைச் செய்து கொடுக்கச் சொல்கிறது. இடம் கொடுக்க மறுக்கும் பாடசாலையோடு பேச வேண்டியிருந்தால் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பெற்றோர் சந்திக்கலாம்.

கடைசியாகப் பரீட்சை. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. அவற்றுக்கு வைத்திய அறிக்கையோடு பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அறிக்கை எடுக்கவே மாதங்கள் போகும் என்பதால், சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் ஓடித் திரியாமல் தரம் 9 இலேயே கோவையைத் திறந்து, கிளினிக் துண்டுகளையும் ஆசிரியரின் குறிப்புகளையும் அதில் சேர்த்து வைப்பது நல்லது.